ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்குப் பூங்காக்கள்: மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு பத்து நாள். திட்டம் போட உதவுங்கள்

ஃப்ரீமான்ட்காரி

வணக்கம். ஏப்ரலில் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக். முன்னும் பின்னும் லீவு சேர்த்தால் பத்து நாள் கையில் வருகிறது. மார்ச்சில் கும்பகோணத்தில் இருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமனாருக்கு 71 வயது, நன்றாக நடப்பார். மாமியாருக்கு 66. முழங்கால் வலி உண்டு, படி ஏறி இறங்க முடியாது. சமதளத்தில் மெதுவாக நடப்பார். பிரஷருக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பெரியவன் நாலாம் வகுப்பு, சின்னவளுக்கு ஆறு வயது.

கணவர் போட்ட பட்டியல் இது: யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், ஸயான், ஆர்ச்சஸ், எல்லோஸ்டோன், முடிந்தால் கிளேசியர். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்தே வண்டியில் கிளம்பி ஒரு பெரிய சுற்று சுற்றி வரலாம் என்கிறார். எனக்கு மலைப்பாக இருக்கிறது. பெரியவர்கள் இவ்வளவு தூரம் வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே சமயம், திரும்ப எப்போது வருவார்களோ தெரியாது, முக்கியமான எதையும் விட்டுவிடவும் மனசு வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

சாப்பாடு சுத்த சைவம், வெங்காயம் பூண்டு பிரச்சினை இல்லை. ஆறு பேருக்கு மினிவேன் எடுப்பதாக இருக்கிறோம்.

செம்மண்_பாதை

வணக்கம். யூட்டாவில்தான் இருக்கிறேன், இந்தப் பக்கம் அடிக்கடி வண்டி ஓட்டுபவன். பட்டியலில் எது அழகு என்று பார்த்தால் எதையும் எடுக்க முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் அது கடல்மட்டத்தில் இருந்து எத்தனை அடி என்று எழுதிப் பாருங்கள். ஏப்ரல் என்றால் வசந்தம் என்பது காலண்டர் சொல்வது. மேற்கே வசந்தம் அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும், உச்சிக்குப் போய்ச் சேர ஜூலை ஆகிவிடும்.

முதலில் கழிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எல்லோஸ்டோனில் பெரும்பாலான சாலைகள் நவம்பர் தொடக்கத்தில் மூடினால் ஏப்ரல் நடுவில்தான் சொந்த வண்டிகளுக்கு ஒவ்வொன்றாகத் திறக்கும். தெற்கு வாசல் மே மாதம். வடக்கே கார்டினரில் இருந்து குக் சிட்டி வரை போகும் ஒரு சாலைதான் ஆண்டு முழுவதும் வண்டி ஓடும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றுக்கு உங்கள் மினிவேன் போகாது. கிளேசியரில் மலையைக் குறுக்கே கடக்கும் கோயிங் டு த சன் சாலை முழுதாகத் திறக்க ஜூன் கடைசி அல்லது ஜூலை ஆகும். இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

யோசெமிட்டியில் பள்ளத்தாக்கு திறந்திருக்கும், அருவிகளில் தண்ணீர் கூடத் தொடங்கும் காலம். ஆனால் அங்கிருந்து கிழக்கே நெவாடா பக்கம் இறங்கும் டயோகா கணவாய் ஏறக்குறைய 9,940 அடி. அது மே கடைசிக்கு முன் திறப்பது அபூர்வம். சொனோரா, எபெட்ஸ் கணவாய்களும் அப்போது பனியில்தான் இருக்கும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற இடத்துக்கு, தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு வரை இறங்கி டெஹாச்சபி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். யோசெமிட்டி உங்கள் வீட்டில் இருந்து நாலு மணி நேரம். மாமனார் மாமியார் மே வரை இருப்பார்கள் என்றால் ஒரு வார இறுதியில் தனியாகப் போய் வாருங்கள். மே மாதம் அருவி பார்க்க ஏப்ரலை விட நல்லது.

மிச்சம் இருப்பது தென்மேற்கு. உங்கள் மாதத்துக்கு அதுதான் சரி. ஆனால் அங்கேயும் உயரம் விளையாடும். ஸயான் பள்ளத்தாக்கின் தரை 4,000 அடி. பகலில் 70 பாரன்ஹீட்டைத் தாண்டும், காட்டன்வுட் மரங்கள் தளிர்விட்டிருக்கும். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் பிரைஸ் கேன்யன், 8,000 முதல் 9,100 அடி. அங்கே ஏப்ரல் இரவு உறைநிலைக்குக் கீழே போகும், பனி கொட்டவும் கொட்டும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு ஏறி ஊட்டியில் ஸ்வெட்டரைத் தேடுவது போலத்தான். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். வடக்கு விளிம்பு 8,000 அடிக்கு மேல், வழக்கமாக மே 15ஆம் தேதிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். 2025 ஜூலையில் வந்த காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜும் எரிந்துபோனது. வடக்கு விளிம்பு உங்கள் கணக்கில் இல்லை.

மலையேறி

டென்வரில் இருந்து எழுதுகிறேன். செம்மண் சார் சொன்ன உயரக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். அதே கணக்கில் ஆர்ச்சஸ் வரவேண்டுமே! அதன் பக்கத்தில் இருக்கும் மோவாப் ஊர் 4,000 அடி, ஏப்ரல்தான் அதற்கு அருமையான மாதம். ஜூன், ஜூலையில் அந்தப் பாறைகளுக்கு நடுவே குழந்தைகளைக் கூட்டிப் போக முடியாது. 2,000க்கு மேல் இயற்கை வளைவுகள் இருக்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? லேண்ட்ஸ்கேப் ஆர்ச் மட்டும் 306 அடி நீளம், அதன் நடுவில் கல் அவ்வளவு மெல்லிசு. பக்கத்திலேயே கேன்யன்லாண்ட்ஸ். அங்கே மீசா ஆர்ச்சில் சூரிய உதயம் பார்க்க அரை மைல் கூட நடக்க வேண்டாம்.

பிரைஸில் இருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலையில் கேப்பிடல் ரீஃப் வழியாக மோவாப் போவது அமெரிக்காவின் மிக அழகான சாலைப் பயணங்களில் ஒன்று. கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா என்று பழைய குடியேறிகள் நட்ட பழத்தோட்டம் இருக்கிறது. மார்ச் கடைசி, ஏப்ரலில் அது முழுக்கப் பூத்து நிற்கும். சிவப்புப் பாறைச் சுவருக்கு முன்னால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மரங்கள். இதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது.

செம்மண்_பாதை

மலையேறி சொல்வதில் ஒரு சொல் கூட மிகையில்லை. பூக்கிற நேரம் அதுதான். ஆனால் மைல் கணக்கையும் பார்ப்போம். பிரைஸில் இருந்து அந்த வழியில் மோவாப் ஏறக்குறைய 270 மைல். மோவாபில் இருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 300 மைலுக்கு மேல். அதாவது ஆர்ச்சஸ் சேர்ந்தால் இரண்டு முழு நாள் வண்டியிலேயே போகும். பழத்தோட்டத்துக்கு முன்னால் 12ஆம் சாலை போல்டர் மலை மேல் 9,600 அடிக்கு ஏறி இறங்குகிறது. ஏப்ரலில் அங்கே பனி விழுந்தால் அன்றைக்குத் திட்டம் அவ்வளவுதான். மாற்று வழியான 70ஆம் இன்டர்ஸ்டேட்டில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்கோ கடையோ கிடையாது.

இரண்டு பேர் மட்டும் போனால் நானே போகச் சொல்வேன். 66 வயது முழங்காலும் ஆறு வயதுக் குழந்தையும் இருக்கும் வண்டிக்கு மூன்று பூங்கா போதும்: ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன். நடுவே அரிசோனாவில் பேஜ் என்ற ஊர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலை, ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்க வேண்டும். பாறையின் நிறம் மணிக்கு மணி மாறும். காலை பதினோரு மணிக்கு வந்து போட்டோ எடுத்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால் அதைப் பார்க்கவே முடியாது.

ஃப்ரீமான்ட்காரி

மிக்க நன்றி. டயோகா கணவாய் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கணவர் கூகுள் மேப்பில் கோடைகாலத்து வழியைப் பார்த்து மைல் கூட்டி வைத்திருந்தார். எல்லோஸ்டோனும் கிளேசியரும் போய்விட்டன, யோசெமிட்டி மே மாதத்துக்கு. ஆர்ச்சஸ் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

இரண்டு கேள்வி. வீட்டில் இருந்தே வண்டியா, லாஸ் வேகாஸ் வரை விமானமா? ஆர்வி (வீடு மாதிரி வண்டி) எடுத்தால் சமையலும் படுக்கையும் ஒரே இடத்தில் முடியும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரிவருமா?

பீனிக்ஸ்_வெயில்

விமானம். ஃப்ரீமான்டில் இருந்து வேகாஸ் 540 மைல் இருக்கும், இரண்டு பெரியவர்களோடு ஒரு முழு நாள். போக வர இரண்டு நாள், பத்தில் இரண்டு. வேகாஸில் இறங்கி அங்கேயே மினிவேன் எடுங்கள். வாடகை வண்டியில் சக்கரத்துக்குச் சங்கிலி போட நிறுவனம் அனுமதிக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அனுமதி இல்லை. அப்படியென்றால் பனி நாளில் பிரைஸ் பக்கம் ஏறாமல் இருப்பதுதான் வழி.

ஆர்வி வேண்டாம் என்பேன். ஸயானின் கிழக்கு வாசலுக்குப் போகும் 1.1 மைல் சுரங்கப்பாதை 1930ல் கட்டியது. அந்தக் காலத்துக் காருக்குத் தோண்டிய அளவு. பெரிய வண்டிகளுக்கு அங்கே தனி விதிகள், அந்த விதிகளும் இறுகிக்கொண்டே வருகின்றன. அதோடு உங்கள் மாமியார் ஆர்வி படியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். தரைத்தளத்தில் அறை, உள்ளே சின்னச் சமையலறை, அதுதான் அவருக்கு வசதி.

அரிசோனாக்காரனாக ஒன்று. எங்கள் மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஏப்ரலில் யூட்டா எங்களை விட ஒரு மணி நேரம் முன்னால், நெவாடா எங்களோடு சமம். நவாஹோ பழங்குடி மக்களின் நவாஹோ நேஷன் நிலம் மட்டும் அரிசோனாவுக்குள் இருந்தாலும் கடிகாரத்தை மாற்றும். பேஜ் ஊர் அரிசோனா நேரம். அங்கே கோபுரத்துக்குக் கோபுரம் போன் நேரம் தாவும். பேஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டலோப் கேன்யன் டூர் எடுத்தால் எந்த நேரம் என்று கேட்டு, போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

டொரொண்டோ_அக்கா

நடுவில வந்து கேக்கிறதுக்கு மன்னிக்கவும். நாங்களும் ஏப்ரலில இதே பக்கம் போக யோசிச்சுக்கொண்டு இருக்கிறம். நாலு பெரியாக்கள், ஒரு பிள்ளை. வெளிநாட்டுக்காரருக்குப் பூங்காக் கட்டணம் கூட்டிப்போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டன். கனடாக்காரருக்கும் அது பொருந்துமோ? இவவின்ர மாமா மாமிக்கும் அது வருமோ?

செம்மண்_பாதை

பொருந்தும் அக்கா. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர் 11 பெரிய பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் தர வேண்டும். 15 வயது வரை பிள்ளைகளுக்கு இல்லை. ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, எல்லோஸ்டோன் எல்லாம் அந்தப் பதினொன்றில் வருகின்றன. ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், கேப்பிடல் ரீஃப், டெத் வேலி வரவில்லை. நீங்கள் நாலு பேர் மூன்று பூங்கா போனால் கூடுதல் கட்டணம் மட்டும் 1,200 டாலர். 250 டாலர் பாஸ் வாங்குவதுதான் கணக்கு. அல்லது மலையேறி சொன்ன மோவாப் பக்கம் உங்கள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

ஃப்ரீமான்ட்காரி, உங்கள் வீட்டுப் பாஸ் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கட்டும். அந்தப் பெயருக்குரியவர் முகவரி உள்ள அடையாள அட்டையோடு வண்டியில் இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்கள் கூட இருக்கும்போது என்ன விதி என்பதைக் கிளம்புமுன் பூங்காச் சேவையின் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். இது புது நடைமுறை.

இன்னொரு நல்ல செய்தி. உங்கள் பையன் நாலாம் வகுப்பு என்றீர்களே. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ என்று இலவசப் பாஸ் உண்டு. அந்தப் பிள்ளையோடு வண்டியில் வருபவர்களுக்கும் அது செல்லும். தளத்தில் பையனே சில கேள்விக்குப் பதில் சொல்லி வவுச்சரை எடுக்கலாம். அச்சிட்டு எடுத்துப் போங்கள், போன் திரையில் காட்டுவதை நம்ப வேண்டாம். ஆகஸ்ட் 31 வரை செல்லும், அதனால் மே மாத யோசெமிட்டிக்கும் ஆகும்.

டொரொண்டோ_அக்கா

நல்லாச் சொன்னியள், மெத்தப் பெரிய உதவி. மோவாப் பக்கம் பாக்கிறம்.

மலையேறி

அக்கா, அப்படியென்றால் கிராண்ட் ஜங்ஷனுக்கோ சால்ட் லேக் சிட்டிக்கோ டிக்கெட் பாருங்கள். கிராண்ட் ஜங்ஷனில் இருந்து மோவாப் இரண்டு மணி நேரம் கூட இல்லை. ஆர்ச்சஸில் 2022ல் இருந்து சில ஆண்டுகள் ஏப்ரல் முதல் நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது, டிக்கெட் எடுக்குமுன் பூங்காவின் பக்கத்தைப் பாருங்கள். முன்பதிவு இருக்கோ இல்லையோ, காலை ஏழரைக்கு முன் வாசலில் நிற்பது நல்லது.

ஃப்ரீமான்ட்காரிக்கு: உங்கள் குடும்பத்துக்கு மூன்று பூங்கா என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு அதிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் உச்சியில் நீங்கள் நிற்கிற சுண்ணாம்புப் பாறை, ஸயானில் ஆக அடியில் கிடக்கிற அடுக்கு. ஸயானின் மேல் அடுக்குகள் பிரைஸின் அடியில் போகின்றன. மூன்றையும் பார்த்தால் ஒரே புத்தகத்தின் மூன்று பாகத்தையும் வரிசையாகப் படித்த மாதிரி. பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஒவ்வொரு இடத்திலும் அடுக்குகளை வரையச் சொல்லுங்கள்.

ஃப்ரீமான்ட்காரி

வீட்டில் முடிவு எடுத்துவிட்டோம்: வேகாஸ் வரை விமானம், மூன்று பூங்கா, நடுவே பேஜ். ஆர்ச்சஸை அடியோடு விடவில்லை, அடுத்த வருடத்துக்கு என்று பையனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது தங்குமிடம். ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் விலை பார்த்தால் தலை சுற்றுகிறது. கிராண்ட் கேன்யனுக்கு உள்ளே இருக்கும் லாட்ஜ்களில் ஒன்றும் இல்லை என்று வருகிறது. கணவருக்கு ஸயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறை ஏற வேண்டும் என்று ஆசை, பையனும் கூட வருவேன் என்கிறான். மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்பது என் கவலை.

செம்மண்_பாதை

ஸ்பிரிங்டேலை விடுங்கள், கனாப் பாருங்கள். 5,000 அடியை ஒட்டிய சின்ன ஊர். நல்ல மளிகைக் கடை, மருத்துவமனை இரண்டும் உண்டு. ஸயானின் கிழக்கு வாசல் முக்கால் மணி நேரம், பிரைஸ் ஒன்றரை மணி நேரம், பேஜ் ஒன்றே கால் மணி நேரம். நாலு இரவு ஒரே வீட்டில் தங்கினால் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை பெரியவர்களுக்கு இல்லை.

அதை விட முக்கியமான காரணம் வேறு. பிரைஸுக்கு எந்த நாள் போவது என்பதை நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. கனாபில் உட்கார்ந்து வானிலை பார்த்து, நாலில் தெளிவான நாளைப் பிரைஸுக்கு ஒதுக்குங்கள். மற்ற நாள் எல்லாம் ஸயான், தாழ்வான இடம், மழை தூறினாலும் நன்றாக இருக்கும். முந்தின நாள் பனி விழுந்து மறுநாள் வெயில் அடித்தால் இன்னும் விசேஷம், சிவப்புத் தூண்கள் மேல் வெள்ளைப் பனி. சாலை சுத்தம் செய்துவிட்டார்களா என்று யூட்டா போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் காலை பத்து மணிக்குக் கிளம்பலாம்.

அந்தத் தூண்கள் உருவானதே இந்தக் குளிரால்தான். பகலில் உருகுகிற தண்ணீர் பாறை விரிசலில் இறங்கும், இரவில் உறைந்து விரியும், பாறை பிளக்கும். வருடத்தில் பாதி இரவுக்குப் பக்கமாக இது நடக்கிறது. ஏப்ரலில் போனால் சிற்பி வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்கிறீர்கள். மாமியாருக்கு சன்ரைஸ் பாயிண்டில் இருந்து சன்செட் பாயிண்ட் வரை அரை மைல், தார் போட்ட பாதை, ஏற்ற இறக்கம் குறைவு, நடுநடுவே பெஞ்ச். நீங்களும் பிள்ளைகளும் குயின்ஸ் கார்டன் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு வரலாம். நிழலில் ஐஸ் இருக்கும், ஷூவில் மாட்டுகிற முள் பட்டை எடுத்துப் போங்கள். 8,000 அடியில் மூச்சு வாங்கும், முதல் நாளே அங்கே போகாமல் கனாபில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறினால் பெரியவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும். மாமியாரின் டாக்டரிடம் கிளம்புமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் பற்றி. 2022 ஏப்ரல் முதல் பெர்மிட் இல்லாமல் ஏற முடியாது, லாட்டரிதான். பருவகால லாட்டரி தவறினாலும் முந்தின நாள் லாட்டரி உண்டு, மதியம் 3 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணவர் முயற்சி செய்யட்டும். பையனைக் கூட அனுப்ப வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். கடைசி அரை மைல் இரண்டு பக்கமும் செங்குத்துப் பள்ளம், பாறையில் அறைந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், எதிரே இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும். அங்கே விழுந்து இறந்தவர்கள் உண்டு. அந்தக் கடைசி ஏற்றத்துக்கு முன்னால் வரும் ஸ்கௌட் லுக்அவுட் வரை பெர்மிட் தேவையில்லை, காட்சியும் குறைவில்லை. பையனுக்கு அதுவே பெரிய ஏற்றம்.

பீனிக்ஸ்_வெயில்

ஸயானில் மாமியாருக்கு: மார்ச் முதல் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டி விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்தான். இலவசம், முன்பதிவு வேண்டாம், சக்கர நாற்காலியும் ஏற்றலாம். கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால் ரிவர்சைட் வாக், ஆற்றங்கரையிலேயே ஒரு மைல். முழுதும் போக வேண்டாம், கால் மைலிலேயே ஆற்றைப் பார்த்து உட்கார இடம் இருக்கிறது. பாரஸ் பாதை இன்னும் சமம். நாரோஸ் என்று ஆற்றுக்குள்ளேயே நடக்கிற இடத்தை இந்த முறை மறந்துவிடுங்கள், வசந்தத்தில் மேலே பனி உருகி ஆற்றில் விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் மூடிவிடுவார்கள்.

விசிட்டர் சென்டர் பார்க்கிங் ஸ்பிரிங் பிரேக்கில் எட்டு மணிக்கெல்லாம் நிரம்பும். ஆறரைக்குக் கனாபில் இருந்து கிளம்பிவிடுங்கள். வழியில் சுரங்கத்துக்கு முன்னால் செக்கர்போர்டு மீசா, கட்டம் போட்ட பாறை மலை, சின்னவளுக்குப் பிடிக்கும்.

பேஜில் ஆன்டலோப் கேன்யன் நவாஹோ மக்களின் நிலம், அவர்களின் வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், பூங்கா பாஸ் அங்கே செல்லாது. அப்பர் என்பதை எடுங்கள், உள்ளே தரை சமமாக இருக்கும், ஆனால் வெளியே வரும் வழியில் படி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லோயரில் செங்குத்தான இரும்பு ஏணிகள், மாமியாரால் முடியாது. உச்சி வெயிலில் மேலே இருந்து தூண் மாதிரி ஒளி இறங்குவது மார்ச் கடைசியில் தொடங்கும், அந்த நேர டூர் சீக்கிரம் விற்றுவிடும். ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு முக்கால் மைல் நடை, சக்கர நாற்காலி போகிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். நிழல் கிடையாது, காலையிலேயே முடித்துவிடுங்கள். பார்க்கிங் கட்டணம் தனி.

பேஜில் இருந்து கிராண்ட் கேன்யனுக்குக் கேமரன் வழியாக வந்தால் கிழக்கு வாசலில் நுழைவீர்கள். டெசர்ட் வியூ கோபுரம் அங்கேயே இருக்கிறது, 1932ல் மேரி கோல்டர் வடிவமைத்தது. அங்கே ஆரம்பித்து மேற்கே ஒவ்வொரு முனையாக நிறுத்திக்கொண்டே வந்தால் 25 மைல், திரும்பி வரும் வேலை இல்லை. ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் ஷட்டில் மட்டும்தான். ஆனால் நடக்க இயலாதவர்களுக்காக ஒரு அனுமதிச் சீட்டு தருகிறார்கள், விசிட்டர் சென்டரில் கேளுங்கள், சொந்த வண்டியிலேயே அந்தச் சாலையில் போகலாம். உங்கள் மாமியாருக்கு இதுதான் நான் சொல்லக்கூடியதில் ஆக உபயோகமானது.

உள் லாட்ஜ்கள் 13 மாதம் முன்பே புக்கிங் திறப்பவை. ஆனால் ரத்தாகிற அறைகள் வந்துகொண்டே இருக்கும், தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். கிடைக்காவிட்டால் டூசயான், வாசலுக்கு வெளியே சில மைல்தான்.

சமையல்கட்டு

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வேகாஸில் இறங்கினதும் இந்திய மளிகைக் கடைக்குப் போய்விடுங்கள், அதற்குப் பிறகு கொத்தமல்லிக் கட்டு கூடக் கனாபில் கிடைத்தால்தான் உண்டு. தயிர், பால், காய் கிடைக்கும். துவரம்பருப்பு, பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு பேஸ்ட், ஊறுகாய் எல்லாம் வீட்டில் இருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.

பிரஷர் வைக்கிற மின்சாரக் குக்கர் ஒன்று கட்டாயம். செம்மண் சார் சொன்ன உயரம் அடுப்பிலும் வேலை செய்யும். 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, சாதமும் முள்ளு முள்ளாக நிற்கும். குக்கரில் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வையுங்கள். அறையில் மிளகாய் தாளிக்காதீர்கள், புகை அலாரம் அடித்து மொத்த விடுதியும் வெளியே வந்து நிற்கும். தாளிப்பை வீட்டிலேயே எண்ணெயில் செய்து பாட்டிலில் எடுத்துப் போனால் தயிர்சாதத்தில் ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம்.

காற்று அவ்வளவு வறட்சி. பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் ராத்திரி மூக்கு நுனியில் தடவிவிடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் பெரியவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் தேட வேண்டுமே என்று குடிக்காமல் இருப்பார்கள், எங்கள் அம்மா அப்படித்தான். ஷட்டில் நிறுத்தங்களில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிட்டால் தயங்காமல் குடிப்பார்கள்.

கிராண்ட் கேன்யன் அணில்களுக்குக் கடலை போடாதீர்கள். கடிக்கும், அபராதமும் உண்டு.

ஃப்ரீமான்ட்காரி

எல்லாரும் எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள்! மாமனாருக்கு வாட்ஸ்ஆப்பில் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: அங்கே ராத்திரி வானம் எப்படி? ஊரில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்து வளர்ந்தவர்.

இப்போது திட்டம் இப்படி: முதல் நாள் வேகாஸில் இறங்கி மளிகை வாங்கி செயின்ட் ஜார்ஜில் தங்கல். பிறகு கனாபில் நாலு இரவு. பேஜில் ஒன்று. கிராண்ட் கேன்யனில் இரண்டு. வேகாஸில் கடைசி இரவு, மறுநாள் விமானம். ஒரு நாளாவது டெத் வேலி போக முடியுமா என்று கணவர் கேட்கிறார்.

செம்மண்_பாதை

மாமனாரிடம் சொல்லுங்கள், வானத்துக்காகவே வரலாம். பிரைஸும் கிராண்ட் கேன்யனும் சர்வதேச இருண்ட வான் பூங்காக்கள், இரண்டுக்கும் 2019ல் அந்த அங்கீகாரம் கிடைத்தது. ஏப்ரல் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். காலண்டரில் அமாவாசை எந்தத் தேதி என்று பாருங்கள். அதற்குப் பக்கத்து நாளாக அமைந்தால் கிராண்ட் கேன்யனில் இரண்டு இரவில் ஒன்றை அவருக்கு என்று வைத்துவிடுங்கள். அங்கே அறையில் இருந்து விளிம்புக்கு நடந்தே போகலாம். பிரைஸில் இருந்து கனாபுக்கு இருட்டில் ஓட்ட வேண்டாம், 89ஆம் சாலையில் மான் குறுக்கே வரும்.

டெத் வேலி இந்தப் பத்து நாளில் வேண்டாம். வேகாஸில் இருந்து இரண்டு மணி நேரம்தான், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே நிற்பது பையனுக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் கிராண்ட் கேன்யனில் இருந்து வேகாஸ் 280 மைல் ஓட்டி வந்த மறுநாள் விமானத்துக்கு முன்னால் அதைத் திணித்தால் எல்லாரும் களைத்துப்போவீர்கள். அந்த நாளைக் கனாபில் சும்மா இருப்பதற்கு வையுங்கள். பக்கத்தில் கோரல் பிங்க் மணல்மேடு இருக்கிறது, பிள்ளைகள் சறுக்கி விளையாடட்டும், பெரியவர்கள் மதியம் தூங்கட்டும்.

ஃப்ரீமான்ட்காரி

சரி, டெத் வேலி எடுத்தாச்சு. கனாபில் தரைத்தளத்தில் சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தது, இப்போதுதான் புக் செய்தேன். கிராண்ட் கேன்யனுக்குள் ரத்தான அறை ஒன்று ஒரு இரவுக்கு மட்டும் வந்தது, அதையும் பிடித்துவிட்டோம். இன்னொரு இரவு டூசயான். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் எங்கே வாங்குவது?

மலையேறி

விசிட்டர் சென்டர் மேசையில் கேட்டால் தருவார்கள், வயதுக்குத் தகுந்த மாதிரி பக்கங்கள் இருக்கும். முடித்துக் கொண்டு போனால் ரேஞ்சர் கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கிவிட்டு பேட்ஜ் குத்துவார். மூன்று பூங்காவுக்கும் பேட்ஜ் தனித்தனி. மேசை சாயங்காலம் மூடிவிடும், அதனால் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் புத்தகத்தை வாங்கிவிடுங்கள்.

பீனிக்ஸ்_வெயில்

உள் அறை எந்த இரவுக்குக் கிடைத்ததோ, அந்த இரவை மாமனாரின் நட்சத்திரத்துக்கு வையுங்கள். டூசயானில் தங்கும் நாளில் ஹெர்மிட் சாலையில் இருக்கும் ஹோப்பி பாயிண்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். மறைந்த அடுத்த நிமிடம் குளிர் இறங்கும், மாமியாருக்குக் காதை மூடுகிற குல்லாவும் கையுறையும் பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.